மாடி ஏறப் பத்து வருடம்: கரமனையில் பார்த்த சூரிய கிரகணம்

சூரிய கிரகணம் பார்க்கப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் "கோயம்புத்தூருக்கா?" என்றார்கள். 2019 டிசம்பர் 26 கிரகணத்தில் நெருப்பு வளையம் தெரியும் பாதை அந்தப் பக்கம்தான் போனது. நானோ திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் எடுத்தேன். அங்கே வளையம் கிடையாது, பிறை மட்டும்தான். தெரிந்தே செய்தது, ஆகவே பின்னூட்டத்தில் யாரும் திருத்த வேண்டாம்.

2010 ஜனவரியில், பொங்கலுக்கு மறுநாள், இதே ஊருக்கு மேலே ஏழு நிமிடத்துக்கும் அதிகமாக முழு வளையம் நின்றது. அப்போது நான் கரமனை அக்ரஹாரத்தில், கணவர் வீட்டில், ஐந்து மாதக் கர்ப்பிணி. காலை பதினோரு மணிக்கு என்னை உள்ளறையில் விட்டு, ஜன்னலில் ஜமக்காளம் கட்டி, வெளியே தாழ் போட்டார்கள். கத்தி தொடக்கூடாது, ஊசி தொடக்கூடாது, வெளிச்சம் படவே கூடாது. மூன்று மணி வரை நான் புரண்டுகூடப் படுக்கவில்லை.

மூன்று வாரத்தில் குழந்தை போய்விட்டது. "எட்டிப் பாத்திருப்பள்" என்றார் மாமியார். வீடு அதை நம்பியது. கணவர் நம்பவில்லை, ஆனால் வாய் திறந்து மறுக்கவும் இல்லை. அந்த வருடமே சென்னைக்கு வந்துவிட்டோம். பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. பழியைச் சுமந்தாயிற்று, அந்த வீட்டு மாடியில் நின்று ஒரு தடவை பார்க்கவாவது வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் போகவே இல்லை.

எழும்பூரில் இரவு ஏறினால் மறுநாள் மதியம் திருவனந்தபுரம், கிட்டத்தட்ட பதினாறு மணி நேரம். ஸ்லீப்பர் 470 ரூபாய். கிரகணக் கண்ணாடி ஒன்று முப்பது ரூபாய் வீதம் இரண்டு வாங்கியிருந்தேன். ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரிலிருந்து கரமனை மூன்று கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் ஆனது. பேருந்தில் பத்து ரூபாய்க்குள் போய்விடலாம், பெட்டி கனமில்லை என்றால்.

ஆட்டோக்காரருக்கும் அதே சந்தேகம். "கிரகணம் காணணும்னா கோயம்புத்தூர் போகண்டாமா சேச்சி? இவிட முழுசா கிட்டாது."

"எனக்கு இவிடதான் பாக்கி இருக்கு சேட்டா" என்றேன். ஆட்டோவின் பக்கக் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார்.

மாமியார் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. இப்போது அந்த வீட்டில் இருப்பது என் கணவரின் அண்ணனும் அவர் மனைவி விஜயம் மன்னியும் ஒன்பது வயது மகள் காயத்ரியும். அன்று உள்ளறைக்கு வெளியே எனக்குக் காவல் இருந்தவர் மன்னிதான்.

மறுநாள் காலை ஏழரைக்கே தயிர், ஊறுகாய் எல்லாவற்றிலும் தர்ப்பை போட்டாயிற்று. எட்டு மணி தாண்டிச் சூரியனின் ஓரம் கடிபட ஆரம்பித்தது. பின்கட்டு மாடியில் நானும் காயத்ரியும் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றோம். மன்னி கீழேயே சுற்றிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு மேல் வெயில் இருந்தும் சூடு குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் துணிகளின் நிறம் மங்கியது. காக்கைகள் ஏனோ கத்தவில்லை.

ஒன்பதரைக்கு மெல்லிய பிறை. "அம்மே, நிலா போல உண்டு! ஓடி வா!" என்று காயத்ரி கத்தினாள். அது அவ்வளவு அழகாக இருந்தது. முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். இன்னும் கொஞ்சம் மூடினால் வளையம், ஆனால் மூடாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் மூடட்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

மன்னி மேலே வந்தார். மகளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கீழே அனுப்பினார். கண்ணாடியை நீட்டினேன், வாங்கவில்லை.

"நான் பாத்தாச்சு. அன்னிக்கே."

எனக்குப் புரியவில்லை.

"உன்ன உள்ள வச்சுத் தாழ் போட்டுட்டு, இவிட வந்தேனாக்கும். மாமனாரோட பழைய நெஞ்சு எக்ஸ்ரேய எடுத்துண்டு வந்தேன். அந்த வளையத்தப் பாத்தேன். அப்போ எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. யார்ட்டயும் சொல்லல்லை." காயத்ரி இறங்கிப் போன படியைப் பார்த்தார். "மாமியார் உன்னச் சொன்னப்போ நான் வாயத் திறக்கல்லை. திறந்தா இவளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். பொறந்தப்புறமும் பயம். பத்து வருஷமா இதேதான், கேட்டியோ."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, நிறையவே வந்தது. ஆனால் அதற்கும் முன்னால் வேறொன்று வாயில் வந்துவிட்டது.

"எப்படி இருந்தது மன்னி?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விலா எலும்புக்கு நடுவுல வட்டமா, மெல்லிசா நின்னுது. அசையவே இல்லை. உன்னக் கூப்பிட்டுக் காட்டணும்னு படியெறங்கி வந்தேன். தாழ்ல கை வச்சேன். பயந்து திரும்பிப் போயிட்டேன்."

பதினோரு மணி தாண்டிக் கிரகணம் விட்டது. குளித்தோம், சாப்பிட்டோம். மன்னியை மன்னித்துவிட்டேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: தம்பானூரில் தங்கும் விடுதிகள் நிறைய உண்டு, விடுமுறைக் காலமானால் முன்பதிவு செய்யுங்கள். கிரகண நேரத்தில் கோயில்கள் சாத்தியிருக்கும். எக்ஸ்ரே ஃபிலிம் கண்ணைக் கெடுக்கும், தயவுசெய்து வேண்டாம், சரியான கண்ணாடி முப்பது ரூபாய்தான்.

மாசமாக இருக்கிறேன், கிரகணம் பார்க்கலாமா என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். நான் பார்க்காமல் இருந்தேன். அது யாரையும் காப்பாற்றவில்லை.