அவிழ்த்த டியூப் பட்டை

மே 11, ஞாயிறு. ஆறரைக்குச் செடிகளுக்குத் தண்ணீர், எட்டுக்குப் பசியாறல், ஒன்பதுக்கு மகனின் கித்தாரில் பெயர்ந்திருந்த பிரிட்ஜை, கம்பிகளைத் தாங்கும் அந்தக் கட்டையை, பசை தடவி ஒட்டினேன்.

அந்த வாடை, இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்ட எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு இழுத்துப்போனது. அண்ணன் இப்படித்தான் பிரிட்ஜை ஒட்டி, சைக்கிள் டியூப் பட்டைகளால் இறுகச் சுற்றி, "நாளைக்கு வரைக்கும் கைய வெக்காதடி" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் வாசித்தால் அம்மா பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்காருவார். நான் கூப்பிட்டால் வேலை கிடக்கிறது என்பார். அவன் போனதும் நான் பட்டைகளை அவிழ்த்து, பிரிட்ஜை அசைத்துவிட்டு, முன்போலவே சுற்றிவைத்தேன். கோயில் திருவிழா மேடையில் கம்பிகளை முறுக்கும்போதே அது பிய்ந்து பறந்தது. அண்ணன் பிறகு கித்தாரைத் தொடவேயில்லை.

"அன்னைக்கு அது மட்டமான பசை. இல்லாட்டி உங்கண்ணன் கைக்கு யாரு ஈடு?" என்றார் இன்று, நான் ஒட்டியதைப் பார்த்த அம்மா. இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிந்தது.

மே 12, திங்கள். காலையில், தேநீர்கூடக் கலக்காமல், பட்டையை அவிழ்த்தது நான்தான் என்று அம்மாவிடம் சொன்னேன்.