ஆம்புரோஸ் வைத்த ஸ்டியரிங்

கவென்ட்ரியில் ஒரு டாக்டருக்குக் கார் ஓட்டிய ஆம்புரோஸ் போருக்குப் போனதும், அந்த வேலை அவன் மனைவி ஹெஸ்டருக்கு வந்தது. அவன் ஆறடிக்கு மேல். அவள் அவன் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஸ்டியரிங்கை அவன் தன் நீண்ட கைகளுக்கு ஏற்றபடி உயர்த்தி வைத்திருந்தான். போல்ட்டுகளைத் தளர்த்தி இறக்க அரை மணி நேரம் போதும். அவள் இறக்கவிடவில்லை. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டு ஓட்டினாள்.

"ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கியா, அதுல தொங்குறியா?" என்பார் டாக்டர்.

"அவர் வந்து உக்காரும்போது சரியா இருக்கணும்ல, டாக்டர்."

ஆளைக் காணவில்லை என்று ராணுவத்திலிருந்து கடிதம் வந்து ஒன்றரை வருடமாகியிருந்தது.

ஒருநாள் சந்தைத் திருப்பத்தில் கை எட்டாமல் பால்வண்டிக் குதிரையை உரசிவிட்டாள். "கை எட்டலன்னா கழுதை ஓட்டேன்மா!" என்று பால்காரன் கத்தினான். குதிரையின் விலாவில் ரத்தம் கசிந்தது.

நேராகப் பட்டறைக்குப் போனாள். ஆம்புரோஸின் கூட்டாளியான மெக்கானிக் சிட்னி அவளை உட்கார வைத்து அளவு பார்த்தான். பிறகு ஸ்டியரிங் தண்டில் கோடு கீற ஊசியை எடுத்தான்.

"கோடு எதுக்கு?"

"எதைக் கழட்டினாலும் பழைய இடத்தைக் குறிச்சுக்குவோம், ஹெஸ்டர். அவன் வந்ததும் அப்படியே ஏத்திடலாம்."

அவள் வெகுநேரம் அந்தத் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோடு வேணாம், சிட்னி. சும்மா இறக்கு."

சிட்னி ஊசியை வைத்துவிட்டுப் போல்ட்டுகளைத் தளர்த்தினான். ஸ்டியரிங் மெல்ல இறங்கி அவள் கைக்கு வாகாக நின்றது. அந்தக் கடிதம் வந்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது.