டென்னசிக்காரன் கேட்ட கேள்வி

நான் தமிழச்சி இல்லை என்று சொன்னேன். முன்பின் தெரியாத யாரிடமோ அல்ல. நான் யார் என்று அறிந்தும், எனக்காக அதை ஒருவரிடமும் சொல்லாமல் காத்துவந்த ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே, வகுப்பறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வாய் கூசாமல் சொன்னேன்!

படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டலாம். ஐயோ பாவம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ரங்கூன் என்று நீங்கள் அறிந்த யாங்கோனில் என் பெயர் டோ கின் மியா. டோ என்பது வயது வந்த பெண்களுக்கு இங்கே பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. வீட்டில் வைத்த பெயர் கனகா. இரண்டு பெயர் இருப்பதில் தவறில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று எங்கள் ஆட்கள் பலருக்கும் உண்டு. நான் செய்தது வேறு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தலைமுழுகினேன்.

பிறந்தது நகரத்து நடுவில், எங்கள் ஆட்கள் நிறைந்த பபேடான் பேட்டையில். தாத்தா காலத்திலிருந்து நகராட்சியில் தெருக்கூட்டும் குடும்பம். அப்பாவும் அதே துடைப்பத்தைத்தான் பிடித்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னை ஒரு சொல்லால் அழைத்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களைக் குறிக்க இங்கே தெருவில் புழங்குகிற சொல். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எத்தனையோ தடவை காதில் விழுந்தாகிவிட்டது. என் கையாலும் அதை எழுத வேண்டுமா?

எனக்கு அம்மாவின் வெளிர்நிறம். பர்மியப் பெண்களைப்போலக் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொண்டு தெருவில் இறங்கினால் யாருக்கும் சந்தேகம் வராது. பர்மியரைத் திருமணம் செய்துகொண்டேன். நகரத்தின் இன்னொரு பக்கம், தின்கன்ஜூனுக்குக் குடிபோனேன். நான் யார் என்று என் கணவருக்குத் தெரியும். மறைக்கும்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருவரும் சொன்னதில்லை! என் கழுத்தில் யாரும் கத்தியை வைக்கவில்லை. அதனால்தான் இதற்குச் சப்பைக்கட்டு கட்ட எனக்கு வழியே இல்லை.

கோயிலுக்குக்கூடப் போவேன். காளி கோயிலுக்குப் பர்மியர்களும் வந்து வேண்டிக்கொள்வார்கள், அதனால் துணிச்சலாகப் போவேன். அந்தப் பர்மியப் பெண்களின் வரிசையில் நின்று, அவர்கள் கும்பிடுகிற மாதிரியே கும்பிட்டு, வாசலைத் தாண்டுமுன் குங்குமத்தை அழித்துவிடுவேன். பெற்ற தாய் வீட்டுக்குள் விருந்தாளிபோலப் போய்வருகிற பிழைப்பு... இதெல்லாம் ஒரு பிழைப்பா?

நகரத்து நடுவில் ஒரு தனியார் ஆங்கில வகுப்பில் நான் மூத்த ஆசிரியை. சயாமா என்றுதான் அழைப்பார்கள். பெண் ஆசிரியருக்கு இங்கே அதுதான் சொல். ஒருநாள் அங்கே தேவகி வந்து சேர்ந்தாள். பதிவில் அவள் பெயர் மா சூ சூ. அவளுடைய அம்மா பாக்கியம் பபேடான் தெருவோரத்தில் தோசைக்கடை வைத்திருந்தாள். பாக்கியமும் நானும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள்; என்னைவிடச் சின்னவள், அக்கா என்றுதான் அழைப்பாள். அவளை நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. பார்க்காமல் இருப்பதற்காகவே அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன்.

சேர்ந்த முதல் வாரம், படிக்கட்டில் தேவகி என் பக்கத்தில் வந்து, உதடு அசைவதே தெரியாமல் தமிழில் சொன்னாள்.

"அம்மா சொன்னிச்சு, நீங்க கனகாக்கான்னு. நா யார்ட்டயும் சொல்ல மாட்டேன். பயப்படாதீங்க."

ஆள் மாறிவிட்டது உனக்கு என்று பர்மிய மொழியில் பதில் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அதன்பிறகு சில நாட்களில் என் மேசைமேல் வாழை இலைப் பொட்டலம் இருக்கும். தோசையும் சட்டினியும். யார் வைத்தது என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தின்பேன். தின்றுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன், வாசனை போகவேண்டும் என்று!

இனி அந்த அமெரிக்கனுக்கு வருகிறேன்.

பெயர் கால்வின். எங்கள் வகுப்பில் ஆங்கிலம் சொல்லித்தர வந்தவன். டென்னசி மாநிலத்து மலைக்காட்டு ஊர்க்காரன். சொற்களை இழுத்து இழுத்துப் பேசுவான். அவனோடு வேலை பார்த்த இன்னொருத்தி பாஸ்டன்காரி. மதியம் டீக்கடையில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் இதே வழக்குத்தான். நாம் அமெரிக்கர்கள், அதென்ன எப்போது பார்த்தாலும் டென்னசி டென்னசி என்கிறாய் என்பாள் அவள். உன்னுடைய அமெரிக்கா என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிற அமெரிக்கா, எனக்கு டென்னசிதான் முதலில் என்பான் அவன். வடக்கே கல்லூரிக்குப் போனபோது அவனுடைய பேச்சைத் திருத்திக்கொள்ளச் சொன்னார்களாம். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து ரசித்தார்களாம். அவன் மாற்றிக்கொள்ளவில்லை. அதைச் சொல்லும்போது அவன் கழுத்துவரை சிவந்துவிடும்.

மேசையைத் தட்டிச் சண்டை போடுவார்கள். டீ ஆறிவிடும். பிறகு இரண்டு பேரும் தோளில் தட்டிக்கொண்டு சிரித்தபடி எழுந்து போவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். எனக்கு வயிறு எரியும். நீ யார் என்ற கேள்வியை வைத்து இவர்களால் டீ குடிக்க முடிகிறதே! அந்தக் கேள்விக்கு நான் என் தெருவையே பலி கொடுத்திருக்கிறேன்.

பேச்சில் தேறிய ஒரு மாணவரைச் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு உதவி ஆசிரியராக எடுக்கும் பொறுப்பு கால்வினிடம் இருந்தது. சம்பளம் உண்டு. தேவகியைத்தான் எடுப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். அடுப்புப் புகையிலிருந்து மகள் தப்பிவிடுவாள் என்று பாக்கியம் கோயிலில் நேர்ந்துகொண்டிருந்தாளாம். இதைப் பிறகுதான் அறிந்தேன்.

அன்றைக்கு மழை. கால்வினின் வகுப்பில் மொழிபெயர்த்துச் சொல்ல நானும் இருந்தேன். மின்சாரம் போய், கீழே நடைபாதையில் ஜெனரேட்டர்கள் இரைந்துகொண்டிருந்தன. கால்வின் பலகையில் ஒரு பெரிய வட்டம் வரைந்தான். அதற்குள் சின்ன வட்டம். சின்னதில் டென்னசி, பெரியதில் அமெரிக்கா. நான் முதலில் டென்னசிக்காரன், பிறகுதான் அமெரிக்கன், இப்போது நீங்கள் சொல்லுங்கள், முதலில் நீ யார் என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டான்.

பலர் மியான்மார் என்றார்கள். ஓர் இளைஞன் முதலில் நான் ஷான் என்றான். கைதட்டினார்கள். ஒருத்தி கரென் என்றாள். அவளுக்கும் கைதட்டு. அவர்கள் இந்த மண்ணின் இனங்கள் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டவர்கள். அந்தக் கைதட்டில் எங்களுக்குப் பங்கு கிடையாது. ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் இது தெரியும். தேவகிக்கும் தெரியும்.

தெரிந்தே எழுந்தாள்.

"நான் முதலில் தமிழ். பிறகு மியான்மார்," என்றாள், நல்ல ஆங்கிலத்தில்.

பின் பெஞ்சிலிருந்து அந்தச் சொல் வந்தது. அப்படியென்றால் அங்கேயே போய்விடு என்றும் சேர்த்துச் சொன்னான் ஒருவன். வகுப்பே சிரித்தது. பர்மிய மொழி தெரியாத கால்வின் என்னைப் பார்த்தான். என்ன சொல்கிறார்கள்?

பதில் புதுமையாக இருக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன்.

அவனுக்கு ஒரே மகிழ்ச்சி. தேவகிக்குக் கைதட்டினான். அவன் ஒருவன் மட்டும். பிறகு அதே உற்சாகத்தோடு என் பக்கம் திரும்பி, நீங்கள் சொல்லுங்கள் மேடம், நீங்கள் முதலில் யார் என்றான்.

தேவகி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். காப்பாற்று என்று கெஞ்சுகிற பார்வை இல்லை... லேசாகச் சிரித்தாள். படிக்கட்டில் சிரித்த அதே சிரிப்பு. நான் அவள் பக்கத்தில் வந்து நிற்பேன் என்று நம்பினாள்!

"நான் மியான்மார். முதலிலும் அதுதான், கடைசியிலும் அதுதான். தமிழுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது," என்றேன்.

தமிழைப் பற்றி யார் என்னைக் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை! நானாகவே இழுத்துப்போட்டு மிதித்தேன். அதோடும் விடவில்லை. அவள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி பர்மிய மொழியில் சொன்னேன்.

"இந்த மண்ணின் சோற்றைத் தின்றுவிட்டு இன்னொரு ஊரின் பேரைச் சொல்ல உனக்கு வெட்கமாக இல்லையா? உட்கார்."

யாருடைய வாசகம் இது? பள்ளிக்கூடத்தில் என்னிடம் ஒரு வாத்தியார் சொன்னது. அத்தனை வருடம் அதை எனக்குள்ளே பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன். தக்க ஆள் கிடைத்ததும் எடுத்து வீசிவிட்டேன்.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீங்களும் எங்கள் தெருதானே அக்கா என்று ஒரே ஒரு வார்த்தை. என் வேஷம் அங்கேயே கலைந்திருக்கும். அவள் சொல்லவில்லை. "சரி, சயாமா," என்றுவிட்டு உட்கார்ந்தாள். என்னைக் காப்பாற்றினாள். நான் அவள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்கூட அவள் எனக்குக் கொடுத்த வாக்கைக் காத்தாள்!

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அந்தத் துணிச்சலான பெண் எங்கே என்று கால்வின் கேட்டான். கடையில் வேலையாம், இனி வரமாட்டாளாம் என்றேன். நான் போய் விசாரிக்கவே இல்லை. அவனிடம் சொன்னதும் பொய். உதவி ஆசிரியர் வேலை அந்த ஷான் இளைஞனுக்குப் போனது. நல்ல பையன்தான். அவன்மேல் எனக்கு என்ன கோபம்?

பிறகு ஊரில் கலவரம் வந்தது. கடைகளை அடைத்தார்கள், சாலைகள் வெறிச்சோடின. வெளிநாட்டுக்காரர்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். கால்வின் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொள்ள வந்தான். சட்டைப் பையில் நீல நிறப் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டிருந்தது. எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. டென்னசிக்காரனாகவா போகிறீர்கள் என்று கேட்டேன்.

"விமான நிலையத்தில் எந்த மாநிலம் என்று யாரும் கேட்பதில்லை, மேடம். அங்கே நான் அமெரிக்கன்தான்," என்றான்.

வெட்கப்பட்டுத்தான் சொன்னான். எனக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. பெரிய வட்டம் என்றைக்கும் உன்னைக் கைவிடாது என்று தெரிந்துதானே நீ சின்ன வட்டத்துக்குள் நின்று ஆட்டம் போட்டாய்? எங்களுக்குப் பெரிய வட்டத்தின் கோட்டில் கால் ஊன்றவே இடம் தரமாட்டேன் என்கிறார்கள். எங்களை எழுப்பி நிறுத்தி இந்தக் கேள்வியைக் கேட்க நீ யார்? கேட்டுவிட்டுப் பறந்துபோக உனக்கு ஒரு நாடு இருக்கிறது. கேள்வி இங்கேயே கிடக்கிறது!

பார்த்தீர்களா... அவனைத் திட்டத் தொடங்கினால் எனக்கு எவ்வளவு சரளமாக வருகிறது! அவன்மேல் போட்டுவிட்டால் என் பாரம் குறைந்துவிடும் என்று ஒரு நப்பாசை. குறையாது. அவனைப் பார்த்தும் சிரித்தார்கள். அவன் தன் பேச்சை விடவில்லை. நான் விட்டேன். பின் பெஞ்சுக்காரன் சொன்ன சொல்லைத் தேவகி தாங்கியிருப்பாள். தெருவில் தினமும் கேட்பதுதான். அவளை உட்காரவைத்தது அவன் இல்லை. நான்.

ஊர் கொஞ்சம் அடங்கியதும் பபேடானுக்குப் பஸ் ஏறினேன். பொட்டு வைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் இரண்டு தடவை அதைத் தொட்டுப் பார்த்தேன், அழித்துவிடலாமா என்று. அழிக்கவில்லை. பெரிய வீரம்தான்!

சாயங்காலக் கூட்டம். பாக்கியம் கல்லின் முன்னால் குந்தியிருந்தாள். தலையில் பாதி நரைத்திருந்தது. தேவகி தட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முக்காலிகளில் பர்மியர்களும் நம்மவர்களும் கலந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அத்தனை பேர் நடுவிலும் நின்று, பஸ்ஸில் வரும்போதே மனத்துக்குள் சொல்லிப் பார்த்ததை நான் உரக்கச் சொன்னேன். பிறர் காதில் விழ நான் தமிழ் பேசி எத்தனை காலம் ஆகிவிட்டது!

"தேவகி, நா கனகாக்கா வந்திருக்கேன். ஒன்கிட்ட மன்னிப்பு கேக்க வந்தேன்."

சாப்பிட்டவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பாக்கியத்தின் கையில் கரண்டி அப்படியே நின்றது. தேவகி என்னை நேராகப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. பர்மிய மொழியில், வாடிக்கையாளரிடம் பேசும் மரியாதையோடு பேசினாள்.

"மன்னிக்க வேண்டும் சயாமா. எனக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்கு என்ன வேண்டும்?"

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் மகளைத் திருத்தவில்லை. குனிந்து மாவை ஊற்றினாள்.

மறுபடியும் தமிழிலேயே பேசியிருக்க வேண்டும். அவள் காதில் விழும்வரை, அவள் என்னைத் திட்டும்வரை, அந்தத் தெருவே கூடினாலும் தமிழிலேயே பேசியிருக்க வேண்டும். அதற்காகத்தானே போனேன்?

பின்னால் யாரோ வரிசையில் நின்று என்னை அவசரப்படுத்தினார்கள்.

இரண்டு தோசை என்றேன். பர்மிய மொழியில் சொன்னேன்.