ஓட்டை அடைத்த பால் டின்

பால் டின்னில் இரண்டு ஓட்டை போட்டுவிட்டால் பிரிட்டிஷ் ராஜாங்கம் பிழைத்துக்கொள்ளும் என்று யாரோ ஒரு மேதாவி கண்டுபிடித்திருந்தார். அவசரகாலத்தில், மலாய் நாட்டு லிங்கிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கடையில் எந்த டின்னை வாங்கினாலும் கடைக்காரர் ஆணியை வைத்து இரண்டு தட்டுத் தட்டித்தான் கையில் கொடுப்பார். ஓட்டை விழுந்த டின் கெட்டுப்போகும். கெட்டுப்போகிற பண்டத்தைக் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள். அவர்கள் பட்டினி தாங்காமல் வெளியே வருவார்கள். ரப்பர் தடையில்லாமல் சீமைக்குக் கப்பலேறும். யோசனை சுத்தமான யோசனைதான். அதில் என் தம்பிக்கு மட்டும் இடமில்லை.

தம்பிக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. அம்மாவுக்குத் தாய்ப்பால் வற்றிப்போனதால் டின் பாலைத்தான் வெந்நீரில் கரைத்துக் கொடுத்துவந்தோம். ஒரு வேளைக்கு ஒரு கரண்டி போதும். மீதி, அந்த இரண்டு ஓட்டையோடு அப்படியே கிடக்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு கூரையிலிருந்து இறங்கும். துணியால் மூடினால் துணியெல்லாம் ஈ. தம்பிக்கு வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை.

அம்மா ரப்பர் மரம் சீவுகிறவள். மரத்தில் கட்டிய கோப்பையின் விளிம்பில் ரப்பர் பால் காய்ந்து ஆடைபோல ஒட்டியிருக்கும். ஒருநாள் அதில் கொஞ்சம் கிள்ளிவந்து டின்னின் ஓட்டைகள்மேல் வைத்து அழுத்தினாள். எறும்புகள் டின்னைச் சுற்றிச்சுற்றி வந்து ஏமாந்து திரும்பின. நாலைந்து நாளில் தம்பியின் வயிறு சரியாயிற்று. இதைச் செய்ய அம்மாவுக்கு எந்த உத்தரவும் தேவைப்படவில்லை. வினையும் அதுதான்.

எங்களைப் பாதுகாக்கத்தான் முள்கம்பி வேலி என்றார்கள். வீடுகளைச் சுற்றி வேலி போட்டவர்கள், வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் கொட்டகையை வேலிக்கு வெளியே விட்டுவிட்டார்கள். ஆகவே வேலைக்குப் போகும் தாய்மார் விடியுமுன்பே பிள்ளையும் பால் டின்னுமாக வாசலில் வரிசை பிடிக்கவேண்டும். காவலுக்கு நின்ற மலாய்க்காரர் ஒவ்வொரு டின்னையும் கவிழ்த்துப் பார்ப்பார். சொட்டினால் ஓட்டை இருக்கிறது, போகலாம். பிள்ளைகள் குடிக்கவேண்டிய பால் தினமும் அந்த வாசல் மண்ணில் சொட்டியது. அங்கே எறும்புகள் கொழுத்துக் கிடந்தன.

இன்றைக்கு என் மகன் மோட்டாரை எடுத்துக்கொண்டு சிரம்பானுக்குக் கிளம்பும்போதெல்லாம் அடையாள அட்டையை எடுத்தாயா, எடுத்தாயா என்று நச்சரிக்கிறேன். "ஏன்மா இப்படி உயிரை வாங்குறீங்க, நான் என்ன திருடனா?" என்கிறான். பதில் சொல்ல ஆரம்பித்தால் அந்த வாசலுக்குப் போகவேண்டியிருக்கும்.

வழக்கமாக அம்மா வாசலை நெருங்குமுன் ரப்பரை உரித்துவிடுவாள். அன்று வரிசை நீளம். திறந்துவைத்தால் ஈ மொய்க்குமே, முறை வரும்போது காவலர் முன்னாலேயே உரித்துக் காட்டலாம் என்று விட்டுவிட்டாள். தம்பி என் இடுப்பில் இருந்தான். காவலர் டின்னைக் கவிழ்த்தார். குலுக்கினார். ஒன்றும் விழவில்லை.

"ஓட்டை தாடா, தங்காச்சி," என்றார். தாடா என்றால் அவர் மொழியில் இல்லை என்று அர்த்தம்.

"இருக்குங்க, இந்தா பாருங்க." அம்மா நகத்தால் உரித்தாள். பால் சொட்டியது. காவலர் சிரித்துவிட்டார்.

"பண்டாய்லா நீ," என்று கெட்டிக்காரப் பட்டமும் கொடுத்தார்.

அதோடு முடிந்திருக்கும். அன்று பார்த்து வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஒருவர் சோதனையை மேற்பார்வையிட லாரியோடு வந்திருந்தார். அவர் டின்னை வாங்கி ரப்பரை ஒட்டிக் கவிழ்த்தார். உரித்துக் கவிழ்த்தார். மறுபடி ஒட்டிக் கவிழ்த்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. எங்கிருந்தோ இங்கிலீஷ் தெரிந்த தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி ஐயாவைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள்.

"ஓட்டைய அடைக்க ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று அதிகாரியின் கேள்வியைக் கிராணி தமிழில் கேட்டார்.

"எறும்புதாங்கய்யா."

"வெளையாடாத புள்ள. காட்டுலேருந்து எவன் கேட்டான்?"

"எம்புள்ளதான் கேட்டுச்சு. அந்தா அழுவுது பாருங்க, அதுகிட்டயும் விசாரிங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து உடனே நிறுத்திக்கொண்டார்கள். கிராணி இதையெல்லாம் இங்கிலீஷில் சொன்னாரா, பாதியை விழுங்கினாரா, தெரியாது. அதிகாரி லாரியை நோக்கிக் கையைக் காட்டினார். லாரியில் ஏறிய யாரும் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பியதில்லை. கீழ் லயத்து வரிசைவீட்டுக் குடும்பம் ஒன்றை இந்தியாவுக்கே கப்பலேற்றிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

அப்பா ஓடிப்போய்ப் தோட்ட மேனேஜர் பெரிய துரையின் காலில் விழுந்து அழைத்துவந்தார். சீவ ஆள் கிடைக்காமல் துரை தவித்துக்கொண்டிருந்த சமயம் அது. அவர் அந்த ரப்பர்த் துண்டை விரல்களுக்கிடையில் இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார். அதிகாரியிடம் நெடுநேரம் பேசினார். பிறகு கிராணி அம்மாவின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இது தோட்டத்து ரப்பராம். நீ திருடுனேன்னு ஒத்துக்கிட்டா தோட்டத்துக் கேசு, தொரை பாத்துக்குவாரு. இல்லன்னா லாரிதான்."

"கோப்பையில ஒட்டிக்கெடந்ததக் கிள்ளுனேங்கய்யா."

"அது பத்தாது. திருடுனேன்னு சொல்லு."

அம்மா துரையைப் பார்த்தாள். நான் பிறப்பதற்கு முன்பிருந்து அவள் சீவிக் கொடுத்த ரப்பர் எவ்வளவு என்று துரைக்குத் தெரியும். துரைக்குத் தெரியும் என்று அம்மாவுக்கும் தெரியும். தம்பி வீறிட்டான். "சொல்லேன் புள்ள, ஒரு வார்த்ததானே," என்று அப்பா கெஞ்சினார். வரிசையே கெஞ்சியது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"திருடுனேன்," என்றாள் அம்மா.

இன்னும் சத்தமாக என்றார்கள். சொன்னாள். லாரி வெறுமனே போயிற்று. தண்டனையாக அம்மாவை மரம் சீவுவதிலிருந்து நிறுத்தி, சிறிது காலம் களைவெட்டில் போட்டார்கள். பிறகு ஆள் போதாமல் அவர்களே கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்பா சாகும்வரை அந்தத் துரையைத் தெய்வம் என்றே சொல்லிவந்தார். அந்தப் பேச்சு வந்ததும் அம்மா எழுந்து போய்விடுவாள். துரை செய்தது உபகாரமா, அவமானமா என்று இந்த வயதிலும் எனக்குத் தீர்த்துச் சொல்லத் தெரியவில்லை. நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

அன்றைக்கு எனக்கு எரிச்சலெல்லாம் இல்லை. தலைகால் புரியாத சந்தோஷம். அம்மா தம்பியை வாங்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள். நான் அவளுக்கு முன்னால் லயம் நெடுக ஓடினேன். கலவரப்பட்டுக் கதவோரம் நின்றிருந்த ஒவ்வொருவரிடமும், "எங்கம்மா கம்யூனிஸ்ட் இல்ல, திருடிதானாம், விட்டுட்டாங்க," என்று மூச்சிரைக்கச் சொன்னேன். ஒவ்வொரு வாசலாகச் சொன்னேன். அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தாள். என்னை நிறுத்தச் சொல்லவில்லை. இராத்திரி சரியாகத் தூங்காத களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.