மாலைக் காய்ச்சலும் காலை டொக்டரும்

1988 ஒக்டோபரில், குளிர்காலத்துக்காக நாடே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிய ஞாயிறு. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. மோர்டனில் எங்கள் வாடகை அறையில் என் மனைவி சிவகலா, ஸ்வெட்டருக்கு மேல் போர்வையையும் சுற்றிக்கொண்டு நடுங்கினாள். எங்களுக்கு அது லண்டனில் முதல் குளிர்காலம். குளிர்தான் என்று நினைத்து நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

காலையில் காய்ச்சல் இல்லை. பின்னேரம் திரும்ப வந்தது. கூடவே நடுமுதுகில் ஒரு வலி.

யாழ்ப்பாணத்தில் என்றால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். இங்கேயும் அப்படித்தான் போனோம். அவசரப் பிரிவில் அரை நாள் இருந்தபின், குடும்ப மருத்துவரிடம் போகச் சொல்லித் திருப்பினார்கள். இந்த நாட்டில் அவர்தான் வாசல். வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒருவரிடம் பதிந்துகொள்ள வேண்டும். நிபுணரிடம் அவர்தான் அனுப்புவார். புதிதாக வந்திருப்பவர்கள் நோய் வருமுன்பே பதிந்துவிடுங்கள். நாங்கள் நோய் வந்த பிறகுதான் பதிந்தோம்.

அவரைப் பார்க்க எப்போதும் காலை நேரமே கிடைத்தது. அந்தக் காலைகளில் சிவகலா தலைமுழுகி, பொட்டு வைத்து, நல்ல சேலை உடுப்பாள். பஸ்ஸில் நிற்க வேண்டுமே என்று புறப்படமுன் இரண்டு பனடோல் (காய்ச்சலையும் வலியையும் தணிக்கும் மாத்திரை) போடுவாள். டொக்டருக்கு முன்னால் வாடி வதங்கிப்போய் இருப்பது மரியாதை இல்லை என்றே நாங்கள் வளர்ந்திருந்தோம்.

மாடியில் குடியிருந்த யோகன் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது படியில் எங்களைக் கண்டான்.

“அண்ணை, ஆரின்ரை கலியாணத்துக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போறியள்?”

“டொக்டரிட்டையடா.”

“இந்தக் கோலத்திலை போனா அவர் மருந்தோ தருவார்? அறுகரிசி போட்டு வாழ்த்தித்தான் அனுப்புவார்.”

சிவகலாவும் சிரித்தாள்.

டொக்டர் வயதான ஆங்கிலேயர், பொறுமையானவர். எப்படி இருக்கிறீர்கள் என்று அவளைக் கேட்பார். நலம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்ப்பாள். மீதியை நான் சொல்வேன். வெப்பமானியில் காய்ச்சல் இராது. தசைப்பிடிப்பு, புது இடத்துக் கவலை என்றார். வலி மாத்திரை தந்தார். நத்தாருக்குள் (கிறிஸ்துமஸ்) மூன்று முறை போய்வந்தோம். இடுப்பு மெலிய மெலிய அவள் சேலையில் கொய்யக மடிப்புகள் கூடிக்கொண்டே வந்தன.

ஜனவரியில் ஒரு காலை, கட்டிலால் இறங்கியவள் அப்படியே தரையில் இருந்துவிட்டாள்.

“இஞ்சருங்கோ, என்ரை கால் எங்கை இருக்கெண்டு தெரியேல்லை.”

ஆம்புலன்ஸ் வந்தது. இம்முறை ஒருவரும் எங்களைத் திருப்பவில்லை.

வார்டில் சென்னையிலிருந்து வந்த இளம் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். நான் வழக்கம்போலச் சொல்லத் தொடங்கினேன்.

“சார், கொஞ்சம் இருங்க. அவங்களே சொல்லட்டும். காய்ச்சல் எப்பம்மா வரும்?”

“பொழுதுபடேக்கை.”

“டாக்டர்கிட்ட போறப்ப இருக்குமா?”

“இல்லை. பனடோல் போட்டிட்டுத்தானே போறனான்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஓம். காய்ச்சலோடை எப்பிடி டொக்டரிட்டைப் போறது?”

கோபப்படுவார் என்று பார்த்தேன். “எங்கம்மாவும் இப்படித்தான்,” என்று மட்டும் சொன்னார்.

சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள்: முள்ளந்தண்டுக் காசநோய். காசம் நெஞ்சில் மட்டும்தான் வரும் என்று எண்ணியிருந்தேன். எலும்பை அரித்து, சீழ் கட்டி, முண்ணாணை (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) அழுத்தியிருந்தது. சீழை எடுக்கச் சத்திரசிகிச்சை செய்தார்கள்.

“நடப்பனோ?” என்று சிவகலா அந்த டாக்டரைக் கேட்டாள்.

“நடப்பீங்கன்னுதான் நினைக்கிறேன். முழுசா சரியாகுமான்னு இப்ப சொல்ல முடியாதும்மா.”

அதற்குப் பிறகு நான் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. பார்வையாளர் நேரத்தில் போய், போர்வைக்குள் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். “இப்ப பிடிச்சிருக்கிறியளோ?” என்று கேட்பாள். ஓம் என்பேன். அழுத்திப் பிடித்தாலும் அதே கேள்விதான். மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. இரத்தம் என்று இருவரும் பயந்து, தாதியைக் கேட்காமலே ஒரு நாள் முழுவதையும் கழித்தோம். அது மருந்தின் நிறம். அஞ்ச வேண்டாம், கேளுங்கள். நோயாளியைப் பேச விடுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு போனால் அதையும் சொல்லுங்கள்.

மருந்து ஒரு வருடம். வலது காலுக்கு உணர்ச்சி மெல்லத் திரும்பியது. இடது பாதத்தில் உணர்ச்சி வரவில்லை. இப்போது பஸ் வந்தால் ஓடுவதில்லை, அடுத்ததற்கு நிற்கிறோம். எங்கள் நாள் அந்த வேகத்தில்தான் போகிறது.

1990 ஜூலையில் ஒரு மாலை இருவரும் ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். திரும்பிப் பார்த்தபோது அவளது இடது செருப்பு நடைபாதையில் வெகு பின்னால் கிடந்தது. எடுத்துவந்து, குனிந்து, பாதத்துச் சிறு கற்களைத் தட்டி மாட்டிவிட்டேன்.

“கழண்டு போச்சே? எப்ப தொட்டு வெறுங்காலோடை வந்தனான்?”

பக்கத்திலேயே நடந்து வந்த எனக்கும் தெரியவில்லை.