ஆணிவாயரின் ஈறு

இல்லை, அவர் பல்லை நான் உடைக்கவில்லை. யாரும் கேட்கவில்லைதான். ஆனால் பட்டறையில் அப்படி ஒரு பேச்சு ஓடுகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது பல் டாக்டர். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். சந்தோஷமாகப் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

அவர் என் சம்பந்தி. அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் என் விரோதி. ஒரே சோபா பட்டறை. நான் மரச்சட்டம் அடிப்பவன். அவர் அதன்மேல் பஞ்சு வைத்து, துணி இழுத்து, ஆணி அடிப்பவர். சட்டம் கோணல் என்பார் அவர். துணி சுருக்கம் என்பேன் நான். 'டேய்' போட்டுத்தான் பேசிக்கொள்வோம். என் மகளும் அவர் மகனும் எங்கள் இரண்டு பேர் முகத்திலும் கரியைப் பூசிவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து மரியாதை வந்துவிட்டது. திட்டுவது மட்டும் நிற்கவில்லை. "வாயை மூடுங்க சம்பந்தி", "உங்க மண்டையிலயும் பஞ்சுதான் அடைச்சிருக்கா சம்பந்தி" என்று நடக்கிறது.

பட்டறையில் அவருக்கு ஆணிவாயர் என்று பெயர். ஒரு பிடி பொடி ஆணியை அள்ளி வலது கன்னத்தில் அடக்கிக்கொள்வார். நாக்காலேயே ஒவ்வொன்றாகப் புரட்டித் தலைப்பக்கத்தை உதட்டுக்குக் கொண்டுவருவார். சுத்தியலின் காந்த முனை அதைக் கவ்வும், ஒரே அடி. இடது கை துணியை விடவே விடாது. அந்த வேகம் வேறு யாருக்கும் கிடையாது. விரோதியானாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

அவர் துப்பினால் ரத்தம் வரும், பல வருஷமாக. குஷன் வேலைக்காரர்களுக்கு அது ஒரு பெருமை. "வாயில ரத்தம் பார்க்காதவன் ஆணிக்காரனே இல்ல" என்பார்கள். ஆணி குத்துகிற புண், தானே ஆறும், பிரஷ் போட்டு நோண்டினால் பெரிதாகும். இதுதான் அவர்கள் வைத்தியம். இவரும் ஈறு பக்கமே பிரஷைக் கொண்டுபோக மாட்டார். முன்பல் நாலை மட்டும் ஒப்புக்குத் தேய்த்துவிட்டுக் கொப்பளிப்பார். பல் வருஷா வருஷம் நீண்டுகொண்டே வந்தது. வளர்ந்தது பல் இல்லை, விலகியது ஈறு என்று பிறகுதான் தெரிந்தது. போன வருஷம் ஒரு வெள்ளை சோபாவில் சிவப்புச் சொட்டு விழுந்தபோது, "உங்க சட்டத்துச் சிலாம்பு என் கையைக் கிழிச்சிடுச்சு" என்று முதலாளி முன்னால் என் மேல் பழி போட்டார். கையில் ஒரு கீறல் கிடையாது.

இந்த நிலைமையில் எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். அவளைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். கொட்டாவி விட்டால்கூட எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுகிறேன். அவரும் வந்தார். கையைக் கழுவிக்கொண்டு, குனிந்து, முத்தம் கொடுக்கப் போனார். என் மகள் குழந்தையைத் தோளுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மாமா, முகத்தைக் கிட்ட கொண்டு வராதீங்க."

"ஏம்மா?"

"வாய் நாறுது மாமா. பேசும்போதே ரத்தம் தெரியுது. அது நிக்கட்டும், அப்புறம் தூக்குங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. மகள் என் பக்கம் திரும்பினாள்.

"சிரிச்சீங்கல்ல? நீங்களே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கப்பா. போகலைன்னா உங்களுக்கும் பிள்ளை கிடையாது."

போனோம். பஸ்ஸில் அவர் முன் சீட்டு, நான் பின் சீட்டு. டாக்டரம்மா எங்களுக்கு மேல் கோபக்காரி. கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு அளந்தார். "மூணு மில்லிமீட்டர் வரைக்கும் சரி. இங்க ஏழு. இங்க எட்டு." அளந்த இடமெல்லாம் ரத்தம்.

"ஆணி குத்தினதும்மா" என்றார் இவர்.

"ஆணியை எந்தப் பக்கம் வெப்பீங்க?"

"வலது பக்கம்."

"இது இடது மேல் கடைவாய். இங்க எப்படி வந்துச்சு ஆணி? பஸ் பிடிச்சு வந்துச்சா?"

இருபத்தாறு வருஷத்தில் நான் சம்பந்தியை இப்படி ஒரு தடவைகூட மடக்கியதில்லை.

"ஆணிக் காயம் ரெண்டு வாரத்துல ஆறிடும். இது ஈறு நோய். பல் ஓரத்துல தேங்கின அழுக்கைத் தினம் எடுக்கலைன்னா காரையா இறுகும். ஈறு வீங்கும், ரத்தம் கசியும், அப்புறம் உள்ள எலும்பு கரையும். ரத்தம் வருதுன்னு நீங்க பிரஷ் போடலை. பிரஷ் போடாததாலதான் ரத்தமே வருது."

"சுத்தம் பண்ணினா பல் ஆடிடும்னு சொல்றாங்களே?"

"இப்பவே ஆடுதுங்க. காரை கவ்விப் பிடிச்சிருக்கு, அதனால தெரியலை. பல்லைப் பிடிக்க வேண்டியது எலும்பு. அழுக்கு இல்ல."

கரைந்த எலும்பு திரும்ப வராதாம், மீதியைக் காப்பாற்றலாமாம். ஒரு கடைவாய்ப் பல் போயே ஆக வேண்டும் என்றார், போயிற்று. மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு நாள் வலது, ஒரு நாள் இடது என்று ஈறுக்கு அடியில் வேர்வரைக்கும் சுரண்டினார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும் இருந்தது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது என்று அதற்கும் திட்டு வாங்கினார். வாயில் ஆணி கூடாது, அதற்குத் தனியாகத் திட்டு.

முதல் வாரம் பிரஷ் போட்டதும் நுரையெல்லாம் சிவப்பு. பிரஷைக் கொண்டுவந்து என் சட்டத்தின் மேல் வீசினார்.

"பாருங்க உங்க டாக்டர் லட்சணத்தை!"

"முதல்ல கொஞ்ச நாள் வரும்னு சொன்னாங்கல்ல? பல்லோட சேர்ந்து காதும் ஆடிப்போச்சா சம்பந்தி?"

"உங்களுக்கென்ன, தினம் பிள்ளையை மடியில வெச்சுக்கறீங்க."

பிரஷை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். பிடுங்கிக்கொண்டு போனார்.

அப்புறம் விடவில்லை. காலையும் ராத்திரியும், மெத்தென்ற பிரஷைச் சாய்த்து ஈறு ஓரமாக. பல் இடுக்குக்கு ஒரு குட்டி பிரஷ் வேறு. "பாட்டில் கழுவுறீங்களா?" என்று கேட்டால், "உங்க மாதிரி ஓட்டை பாட்டிலைத்தான் கழுவிப் பிரயோசனமில்ல" என்பார். ஆணியை இப்போது மணிக்கட்டில் கட்டிய காந்தத்தில் ஒட்டவைத்து எடுக்கிறார். பாதி வேகம்தான். நான் சட்டத்தை முடித்துவிட்டு, அவர் எப்போது முடிப்பார் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அவருக்கு எரியும்.

இன்று காலை மகள் வீட்டில்தான் இருந்தோம், இரண்டு பேரும். நான் தொட்டியில் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தண்ணீரைத் திறந்து விட்டு, முகம் துடைத்துக்கொண்டு பேத்தியைத் தூக்கினேன். அவர் வாசற்படியில் துண்டோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கிட்டே வந்து, மகள் காதில் விழாத குரலில் சொன்னார்:

"எனக்கு ரத்தம் நின்னு ஏழு வாரமாச்சு, சம்பந்தி. இப்ப நீங்க துப்பினதை நான் பார்த்தேன். பிள்ளையை இப்படிக் கொடுங்க."