வெட்டாமல் விட்ட வரி

அந்த வரியை வெட்ட வேண்டாம் என்று சொன்னவன் நான். பிறகு விசாரணையில், அதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்னவனும் நான்தான்.

வாவிக்கரைப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் இதழியலும் வானொலியும் கற்பித்தேன். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. இறுதியாண்டு மாணவி ஒருத்தி, மண்டூர்க் கிராமத்துப் பிள்ளை, எங்கள் இணைய வானொலிக்காக ஒரு விவரணம் செய்தாள். இறால் பண்ணை ஒன்று கழிவுநீரை வாவிக்குள் விடுகிறது என்பது செய்தி. சொன்னவர் அங்கே வேலை செய்த அவளுடைய சின்னம்மா. பெயர் போடவில்லை. ஆனால் பதிவின் முடிவில் சின்னம்மா சிரித்துக்கொண்டே, "நான் சொன்னதெண்டு ஆருக்கும் சொல்லிராத, புள்ள" என்றிருந்தார். முழுப் பதிவிலும் உயிருள்ள இடம் அதுதான்.

"சேர், சின்னம்மாட குரல எடுத்துட்டு நான் வாசிக்கட்டா? ஊருக்குள்ள கண்டுபிடிச்சிருவாங்க."

"நீங்க வாசிச்சா அது கட்டுரை, பிள்ளை. வானொலி இல்ல."

அன்று மாலை குரல் தகவலும் அனுப்பினேன்: "அந்தச் சிரிப்பும் கடைசி வரியும் அப்படியே இருக்கட்டும். கை வைக்காதீங்க."

ஒலிபரப்பான அன்றே அந்தத் துண்டு வட்ஸ்அப்பில் சுற்றியது. மறுநாள் பண்ணை வாசலில் மேற்பார்வையாளர் சின்னம்மாவை நிறுத்தி, அதே வரியை அவரைப் போலவே சிரித்துச் சொல்லிக் காட்டினாராம். உள்ளே விடவில்லை.

பண்ணையிலிருந்து கல்லூரிக்கு முறைப்பாடு வந்தது. மூன்று பேர் எங்கள் இருவரையும் ஒன்றாக வைத்து விசாரித்தார்கள். ஒருவரை அடையாளம் காட்டும் பதிவை யார் அனுமதித்தது என்பதுதான் கேள்வி. நான் நிதானமாகச் சொன்னேன்: "இறுதி வடிவத்தை எனக்குக் காட்டவில்லை."

அவள் என்னைப் பார்த்தாள். மடியில் கைப்பேசி இருந்தது. என் குரல் அதற்குள் இருந்தது.

"சேர் சொல்லித்தான் செய்ததெண்டா, ஆதாரம் ஏதும் இருக்கா?" என்று தலைவர் கேட்டார்.

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "இல்ல, சேர்."

அவளுடைய செயல்முறைப் புள்ளிகளை ரத்துச் செய்து, ஒரு வருடம் இடைநிறுத்தினார்கள். வருடம் முடிந்தும் அவள் திரும்பி வரவில்லை. எனக்குப் பிரியாவிடை நடத்திப் பொன்னாடை போர்த்தினார்கள்.

நான்கு வருடங்கள் கழித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கல்லூரிக்கு அனுப்பினேன். தண்டனையை நீக்கி, அவள் மீண்டும் சேரலாம் என்று பதில் வந்தது. பிரதியை எடுத்துக்கொண்டு, கல்லடி என்ற ஊரில் அவள் வேலை பார்க்கும் கைப்பேசிக் கடைக்குப் போனேன். நின்றபடியே வாசித்தாள்.

"அண்டைக்கு விசாரணையில ஏன் என்ர குரலப் போட்டுக் காட்டல்ல?" என்று கேட்டேன்.

"ஒரு ஆள்ட குரல அவரக் கேக்காமப் போட்டா என்ன நடக்குமெண்டு அதுக்குள்ள பாத்திட்டனே, சேர்." கடிதத்தை மடித்தாள். "முதல்ல சின்னம்மாட்டப் போய்ச் சொல்லுங்க. மறுகா பாப்பம்."

மண்டூருக்குப் போனேன். சின்னம்மாவின் கணவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து உள்ளே போனார்.

"ஆள் இல்லயெண்டு சொல்லுங்க."

நூறு தடவை கேட்ட குரல். ஆனால் அதில் சிரிப்பு இல்லை.

கணவர் வெளியே வந்து, "ஆள் இல்ல" என்றார்.

நான் முற்றத்தில் நின்றபடியே சொன்னேன். உங்கள் மகள்முறைப் பிள்ளை வேண்டாம் என்றாள், நான்தான் விடச் சொன்னேன், பிறகு பொய்யும் சொன்னேன், என்று வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மீண்டும் தொடங்கியது.

"படலையச் சாத்திட்டுப் போகச் சொல்லுங்க. ஆடு வரும்."

சாத்திவிட்டு வந்தேன்.

இந்தத் தவணை அவள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்று அறிந்தேன். வானொலிப் பாடத்தை எடுக்கவில்லையாம்.